சேற்றில் இறங்கும் முன்

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சேர்த்து வைத்த காசில் சொந்தமாக ஒரு சின்னக் குதிரை லாரி வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: மழைக்காலம் வருகிறது, போட்டி நடக்கும் வயல்கள் எல்லாம் சேறாகிவிடும், எந்த டயர் போடட்டும் தாத்தா என்று. அதற்கு ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் உழைத்த காலமெல்லாம் இங்கிலாந்தில் டயர் கடையில் நின்றவன் நான். டயர் வாங்க வருகிறவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன். அதனால் பெயரை மட்டும் சொல்லி உன்னை அனுப்ப மனம் வரவில்லை. முடிவெடுக்கும் முறையையும் சேர்த்தே எழுதுகிறேன். நாளைக்கு வண்டி மாறினாலும் வேலை மாறினாலும் அது உனக்கு உதவும்.

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள். பின்னால் நிற்கிற குதிரை டயரைத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த வயலில் நிறுத்துவது, எந்த வேகத்தில் வளைவது, காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, இதில் எதுவுமே அதன் வசத்தில் இல்லை. நீ கயிற்றைப் பிடித்து "வா" என்றால் உன்னை நம்பி ராம்ப்பில் ஏறுகிறது, அவ்வளவுதான். நம்பி ஏறியவர்களுக்காக ஒரு முடிவு எடுக்கும்போது நம் சௌகரியமும் நம் சிக்கனமும் இரண்டாவதாகத்தான் வர வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைக் கைக்கொள்ளும் வழி.

நீ வேலை பார்க்கும் சசெக்ஸிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1836-இல் குட்வுட்டில் இருந்த எலிஸ் என்ற பந்தயக் குதிரையை, வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் டான்காஸ்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பந்தயக் குதிரை நாள் கணக்கில் நடந்தேதான் போக வேண்டும். பந்தயம் நெருங்கியும் குதிரை குட்வுட்டிலேயே நிற்கிறது, இனி வந்து சேராது என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். ஜார்ஜ் பென்டிங்க் பிரபு உள்ளே மெத்தை வைத்துத் தைத்த ஒரு பெட்டி வண்டியைச் செய்யச் சொல்லி, அதில் எலிஸை ஏற்றி, ஆறு குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தார். களைப்பே இல்லாமல் போய் இறங்கிய எலிஸ் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றது. குதிரை லாரியின் பிறவிப் பயன் அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது: ஏறும்போது இருந்த தெம்போடு குதிரை இறங்க வேண்டும். வண்டி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் உள்ளே குதிரை வியர்த்து நடுங்கி நிற்கிறது என்றால் அது போய்ச் சேர்ந்ததாகவே கணக்கில்லை.

காற்றடைத்த டயரின் கதையிலும் குதிரை இருக்கிறது. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது அதை ஓட்டிப் பார்த்தது குதிரை வண்டிகளில்தான். அது அப்போது எடுபடவில்லை. 1888-இல் அதே யோசனையை மறுபடி உயிர்ப்பித்த ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்தவர். கரடுமுரடான தெருவில் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தார். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு வலிக்கக்கூடாது என்ற அக்கறையில் பிறந்த பொருள் இது. வாங்கும்போதும் அதே அக்கறையோடு வாங்கு.

சரி, உன் லாரிக்கு வருவோம். நீ வாங்கியிருப்பது 3.5 டன் வண்டி. 1997 ஜனவரி 1-க்குப் பிறகு கார் தேர்வில் தேறியவர்கள் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு டீசல் வண்டியை இந்த அளவு வரைதான் ஓட்டலாம். அதனால்தான் உன் வயதுக்காரர்கள் எல்லோரும் இதையே வாங்குகிறார்கள். ரெனோ மாஸ்டர், பூஜோ பாக்ஸர் மாதிரி வேன்களின் அடிச்சட்டத்தில் இரண்டு குதிரை நிற்கும் பெட்டியைக் கட்டிக் கொடுக்கிறார்கள். நல்ல வண்டிதான். ஆனால் இந்த 3.5 டன் என்பது வண்டி, குதிரை, நீ, டீசல், தண்ணீர், சேணம் எல்லாம் சேர்ந்த எடை.

ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார். காலி வண்டி 2,400 கிலோ என்று வைத்துக்கொள். தலைக்கு 500 கிலோ என்று இரண்டு குதிரை, 1,000. நீ 70 கிலோ. கேனில் 40 லிட்டர் தண்ணீர், அது 40 கிலோ. கூட்டினால் 3,510. எல்லையை இப்போதே தாண்டிவிட்டாய். சேணம், வைக்கோல் வலை, உன் தோழி, அவளுடைய பை எதையும் இன்னும் ஏற்றவே இல்லை. டயர் விலையை விசாரிப்பதற்கு முன் வண்டியை எடை மேடைக்கு ஓட்டிப் போ. காலியாக ஒரு தடவை, குதிரையோடும் சாமானோடும் ஒரு தடவை, முன் அச்சு தனி, பின் அச்சு தனி என்று நிறுத்துப் பார். வந்த எண்ணை எழுதி ஓட்டுநர் கதவின் உட்புறம் ஒட்டி வை. நாம் எவ்வளவு சுமக்கிறோம் என்று தெரியாமல் எதைத் தாங்குவது என்று முடிவெடுக்க முடியாது. வேலை, கடன், குடும்பப் பொறுப்பு எதுவானாலும் முதலில் எடையைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். ஆசைப்பட்டதை ஏற்றிவிட்டு, எல்லாம் தாங்கும் என்று நம்பிப் புறப்படுகிறவர்கள்தான் நடுவழியில் நிற்கிறார்கள்.

எடை தெரிந்துவிட்டால் டயரின் பக்கத்தில் இருக்கிற எழுத்துகள் உனக்குப் புரியத் தொடங்கும். மாஸ்டர் வண்டிகளில் பெரும்பாலும் 225/65 ஆர் 16 சி, 112/110 ஆர் என்று இருக்கும். அந்த "சி" இது சரக்கு வண்டிக்கான டயர் என்பதற்கு அடையாளம். 112 என்ற பாரக் குறியீடு தனியாக ஓடும் ஒரு சக்கரம் 1,120 கிலோ தாங்கும் என்பதைச் சொல்கிறது. அதே அளவில் 100 என்று எழுதிய கார் டயர் 800 கிலோதான் தாங்கும். சக்கரத்தில் பொருந்துகிறது, விலையும் குறைவு என்று அதை மாட்டிவிட்டால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒரு குதிரை பயந்து ஒரு பக்கமாகச் சாய்கிற வளைவில் தெரியும். வண்டியின் கதவோரத் தகட்டில் போட்டிருக்கும் எண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதே.

அடுத்தது, வயலில் உன் வண்டி ஏன் மாட்டிக்கொள்கிறது என்பது. இந்த வகை வண்டிகளில் பலவற்றை இழுப்பது முன்சக்கரம். குதிரைகள் நிற்பதோ பின்னால், அதுவும் பெரும்பாலும் பின்பக்கம் பார்த்து. குதிரை தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்கும். அது பின்னால் பார்த்து நின்றால் அந்தப் பாரமும் பின் அச்சின் பக்கம் போய்விடுகிறது. பாரம் ஓரிடத்தில், இழுவை வேறிடத்தில். தார் ரோட்டில் இது ஒரு குறையாகத் தெரியாது. நவம்பர் மாதத்து ஈரப் புல்லில் தெரியும். நீ ஆக்ஸிலரேட்டரைத் தொட்டவுடன் முன்சக்கரம் ஒரு சுற்று வழுக்கும். அந்த ஒரு சுற்றில் மேலே இருக்கும் புல் நசுங்கி, கீழே களிமண் மெழுகிவிட்ட மாதிரி பளபளவென்று ஆகும். அடுத்த சுற்றில் டயரின் மேற்பரப்பில் புடைத்திருக்கும் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளமெல்லாம் மண் அப்பி, டயர் மொட்டையாகிவிடும். மூன்றாவது சுற்றில் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்ட ஆரம்பிக்கும். உள்ளே குதிரைக்கு இது எதுவும் தெரியாது. காலுக்குக் கீழே தளம் வெடுக்வெடுக்கென்று இழுபடுவது மட்டும்தான் தெரியும். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் அடுத்த முறை ராம்ப்பைப் பார்த்ததும் அது பின்வாங்கும். பழக்கிய உழைப்பெல்லாம் வீணாகும்.

சேறு என்று நாம் ஒரே பேரில் சொன்னாலும் மண்ணுக்கு மண் வேறு. சசெக்ஸின் தெற்கே நீளும் டவுன்ஸ் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், மேலே புல் மட்டும் வழுக்கும். அந்தக் குன்றுகளுக்கு வடக்கே இருக்கிற வீல்டு பகுதியில் பல இடங்கள் கனத்த களிமண். அங்கே தண்ணீர் இறங்காமல் நிற்கும், மண் காலைப் பிடித்து இழுக்கும். மெல்லிய ஈரப் புல்லுக்கு, பட்டன்களில் நுண்ணிய கீறல்கள் நிறைய இருக்கிற டயர் நன்றாகப் பிடிக்கும். மேலே கொஞ்சம் சேறு, அடியில் கெட்டித் தரை என்றால், பள்ளம் ஆழமாக இருக்கிற டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும். ஆழமான களிமண்ணில் நுண்கீறல் எல்லாம் அடைபட்டுப் போகும். பெரிய பெரிய பட்டனும், சுழலும்போது மண்ணை உதறித் தள்ளுகிற அகலமான பள்ளமும் இருந்தால்தான் கொஞ்சமாவது ஓடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இந்த இடத்தில்தான் இளவட்டங்கள் தடுமாறுவார்கள். ஒரு தடவை மாட்டிக்கொண்ட கோபத்தோடு கடைக்கு வந்து, இருப்பதிலேயே முரட்டுப் பட்டன் டயரைக் கேட்பார்கள். பார்க்க மிடுக்காகத்தான் இருக்கும். ஆனால் நீ நிதானமாக யோசி. ஒரு போட்டிக்குப் போய் வந்தால் வயலில் ஓடுவது சில நூறு அடி. மீதி முழுவதும் தார் ரோடு, அதிலும் பெரும்பாலும் ஈரமான ரோடு. சேற்றுக்கென்றே செய்த முரட்டு டயர் ஈரத் தாரில் பொதுவாகப் பிரேக்குக்கு மெதுவாகத்தான் கட்டுப்படும். இரைச்சல் அதிகம், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். முன்னால் போகிற கார் திடீரென்று நின்றால், நீ நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம்தான் குதிரையின் உயிர். என்றைக்கோ ஒரு நாள் பட்ட அவமானத்துக்குப் பதில் சொல்வதற்காக, தினமும் போகிற பாதைக்குப் பொருந்தாததை வாங்கக்கூடாது. படிப்பிலும் வேலையிலும் நட்பிலும்கூட, ஒரு காயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு மற்ற நாட்களுக்கெல்லாம் பாரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கோபம் ஆறட்டும். பிறகு கடைக்குப் போ.

குளிரையும் கணக்கில் எடுத்துக்கொள். வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். இங்கிலாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை காலை நேரங்களில் பெரும்பாலும் அந்தக் குளிர்தான். குளிர்கால டயரும் நான்கு பருவ டயரும் அந்தக் குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டவை. பக்கத்தில் எம் பிளஸ் எஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து விற்பனையாளர் "சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது" என்பார். அது பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி. மூன்று சிகரம் கொண்ட ஒரு மலை, அதற்குள் பனித்துகள் என்று ஒரு சின்னம் இருந்தால், அந்த டயர் பனியில் வைத்துச் சோதிக்கப்பட்டுத் தேறியது. இரண்டுமே சேற்றில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தவை அல்ல என்பதையும் ஞாபகத்தில் வை. ஆனாலும் இளக்கமான ரப்பரும் நுண்கீறல்களும் ஈரப் புல்லில் உதவும் என்பது உண்மை. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது ஒன்று, அடுத்தவர் சோதித்துப் பார்த்துச் சொல்வது வேறொன்று. மனிதர்களைத் தெரிந்துகொள்ளும்போதும் இந்த வித்தியாசத்தை விட்டுவிடாதே.

இனிச் சொல்வதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியம். பட்டன் நிறைய இருக்கிறது என்பதற்காக டயர் நல்லது என்று நினைத்துவிடாதே. 2012 செப்டம்பரில், வைட் தீவில் நடந்த ஓர் இசை விழா முடிந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்குப் புறப்பட்ட பேருந்து ஒன்று, சர்ரேயில் ஹைன்ட்ஹெட் பக்கத்தில் ஏ3 சாலையில் முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயரின் பட்டன் சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. ஆனால் டயருக்கு வயது 19-க்கும் மேல். அது மாட்டியிருந்த பேருந்தைவிட மூத்தது. இறந்தவர்களில் 18 வயதுப் பையன் ஒருவனுடைய தாய், பழைய டயர்களுக்குத் தடை வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் 10 வயதுக்கு மேற்பட்ட டயரை லாரி, பேருந்துகளின் முன் அச்சில் ஓட்டக்கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குத்தான். உன் சின்ன லாரியை அது தொடவில்லை. ஆனால் வயதுக் கோளாறு அதிகம் வருவது உன் மாதிரி வண்டிகளில்தான். வாரம் ஒரு நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் ஒரே இடத்தில் வெயிலிலும் குளிரிலும் நிற்கும். பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் உள்ளுக்குள்ளே காய்ந்து உயிர் விடும். இன்றைக்கே டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து பார். பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. வெளிப்பக்கம் தெரியவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும், வண்டிக்கு அடியில் தலையை நீட்டிப் பார். பட்டன்களின் அடியில் தலைமுடி மாதிரி வெடிப்பு ஓடுகிறதா என்று விரலால் பள்ளத்தை விரித்துப் பார். பிறகு 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்துக்குள் நிறுத்து. நாணயத்தின் வெளி விளிம்பு தெரியாமல் மறைந்தால் சட்டம் கேட்கும் 1.6 மில்லி மீட்டருக்கு மேல் இருக்கிறது என்று பொருள். அது சட்டத்தின் அடிமட்டம். குளிர்கால டயருக்கு ஆஸ்திரியா நாட்டுச் சட்டம் 4 மில்லி மீட்டர் கேட்கிறது. சேற்று வயலுக்குப் போகிற நீயும் அந்த 4-ஐயே உன் எல்லையாக வைத்துக்கொள். சட்டம் கேட்காத இடத்திலும் சரியாக நடந்துகொள்கிறவரைத்தான் நம்பி உயிரை ஒப்படைக்கலாம்.

முன்சக்கரம்தானே இழுக்கிறது, முன்னால் மட்டும் இரண்டு நல்ல டயர் போட்டால் போதாதா என்று உனக்குத் தோன்றும். செலவு பாதியாகும். ஆனால் முன்னால் பிடிப்பும் பின்னால் வழுக்கலும் இருந்தால், ஈர ரோட்டு வளைவில் வண்டியின் பின்பாதி உன்னை முந்திக்கொண்டு சுற்றி வரும். அந்தப் பின்பாதியில்தான் குதிரை நிற்கிறது. நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். ஸ்டெப்னியின் வயதையும் மறக்காமல் பார்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சேற்றில் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். காலி ஜீப்புக்கு அது சரியாக இருக்கலாம். ஒரு டன் குதிரையை ஏற்றிக்கொண்டு, மறுபடி காற்றடிக்க வழியில்லாமல் ரோட்டில் ஏறப் போகிற உனக்கு அது ஆகாது. தகட்டில் சொன்ன அளவு, புறப்படும் நாள் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது. மாற்றமே வேண்டாம்.

இனி ஓட்டும் முறை. வயல் வாசலுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து பார். உன் பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தால் டயரும் புதையும். வெளியே வரும் வழியைப் பார்த்து, வாசலுக்குப் பக்கத்தில், முடிந்தால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்து. கிளம்பும்போது இரண்டாவது கியர், கிளட்ச்சை மெல்ல விடு, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் கொடு. வழுக்குகிறதா, உடனே காலை எடு. மேடு ஏற வேண்டும் என்றால் பின்பக்கமாக ஏற்றிப் பார். பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்ந்து இழுவை கூடும். ஒரு ஜோடி பிடிப்புப் பாய், மண்வெட்டி, இழுகயிறு மூன்றும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். இழுக்கும் கொக்கியை எங்கே திருகி மாட்டுவது என்று வீட்டிலேயே ஒரு தடவை மாட்டிப் பழகு. அப்படியும் மாட்டிக்கொண்டால் அங்கிருக்கும் டிராக்டர்காரரைக் கூச்சப்படாமல் கூப்பிடு. பாதுகாப்பாக நிறுத்த இடமிருந்தால் குதிரையை முதலில் இறக்கிவிடு. சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிக் குழியை ஆழமாக்குவதில் ஒரு வீரமும் இல்லை. சாதாரண வண்டி மீட்புச் சேவைகள் பல, குதிரை ஏற்றிய லாரியை எடுக்காது. குதிரையோடு சேர்த்து மீட்கிற காப்பு தனியாகக் கிடைக்கும். அதையும் வாங்கிவிடு.

எந்த டயரும் காப்பாற்றாத நாளும் வரும். 2012 மே மாதம் பாட்மின்டன் குதிரைப் போட்டியை, தரை நீர் கோத்துவிட்டது என்று நடத்தாமலே விட்டார்கள். உலகம் முழுவதிலுமிருந்து வீரர்கள் ஓர் ஆண்டாகத் தயாராகிற போட்டி அது. அத்தனை பேருடைய உழைப்பையும் தெரிந்திருந்தும் குதிரைக்காக வேண்டாம் என்று சொன்னார்கள். உன் சின்னப் போட்டிக்குக் கட்டிய நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும். வாசலில் நின்று தரையைப் பார்த்து, "இன்றைக்கு வேண்டாம்" என்று வண்டியைத் திருப்புகிற தைரியம் உனக்கு இருக்க வேண்டும். நல்ல டயர் போட்டிருக்கிறோம் என்கிற தெம்பு அந்தத் தைரியத்தைக் குறைத்துவிடக் கூடாது.

நீ கேட்ட ஒரு வரிப் பதில் இதோ. சரக்கு வண்டிக்கான நான்கு பருவ டயர், மலைச் சின்னம் போட்டது, தகட்டில் சொன்ன அளவும் பாரக் குறியீடும் உள்ளது, இந்த ஆண்டு செய்தது, நான்கு சக்கரத்துக்கும். மிஷ்லினின் அஜிலிஸ் கிராஸ்கிளைமேட் அந்த வகையில் ஒன்று. வேறு நல்ல கம்பெனிகளிலும் அந்த வகை உண்டு. உன் லாயத்துக்குப் போகிற பாதையே தினமும் களிமண்ணாக இருந்தால் மட்டும், கொஞ்சம் முரட்டுப் பட்டன் உள்ள டயரைப் பற்றிக் கடைக்காரரோடு பேசு. அப்போதும் "சி" குறியையும் ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும் தரத்தையும் கேட்டு வாங்கு.

சனிக்கிழமை முதலில் எடை மேடைக்குப் போ. வந்த எண்களை எனக்கு எழுதி அனுப்பு. காசு குறைந்தால் கேள், தாத்தா தருகிறேன். ஆனால் டயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதே.

அன்புடன்,
தாத்தா